கதவு வைத்த வாங்குகள்

பழைய தேவாலயமொன்று திருத்தப்படும்போதெல்லாம், உள்ளே கிடக்கும் மரத் தளபாடங்களைக் காப்பதா, கழிப்பதா என்ற வினா எழுகின்றது. பழையன யாவும் புனிதமென்பர் ஒரு சாரார். இடத்தை அடைக்கும் விறகென்பர் மறுசாரார். இவ்விரு சாராரும் கேட்க மறக்கும் கேள்வியொன்றுண்டு: இவ்வாங்குகளில் அமர்ந்தவர் யார்? இடமின்றி ஒதுங்கியவர் யார்?

இங்கிலாந்தின் வடகடலோரத்து விட்பி நகரிலுள்ள தூய மரியாள் தேவாலயம் இதற்குத் தக்க சான்றாகும். பலகையால் அடைத்துக் கதவு வைத்த வாங்குகள் அங்கு இன்றும் நிறைந்துள்ளன. அவ்வூர் நிலப்பிரபுக்களான சொம்லி குடும்பத்தார், 17ஆம் நூற்றாண்டிலே, திருப்பீடப் பகுதியின் வாயிலுக்குக் குறுக்கே, முறுக்குத் தூண்கள் தாங்கும் உயர்ந்த ஆசனமொன்றை அமைத்துக்கொண்டனர். பீடத்தை நோக்கும் சபையோரின் கண்ணில் முதலிற் படுவது பிரபுவின் ஆசனமே! வேறு சில வாங்குகளிலோ, 'அந்நியருக்கு மட்டும்' என்று எழுதப்பட்டிருக்கின்றது. ஆண்டவன் சந்நிதியிலும் அவரவர் தரம் அளந்து இடம் ஒதுக்கப்பட்டமைக்கு வேறு சாசனம் வேண்டுமோ?

1839இல் தோன்றிய கேம்பிறிட்ஜ் கம்டன் சங்கத்தார் இத்தகைய வாங்குகளை அகற்றப் போர்க்கொடி உயர்த்தினர். வாடகை கொடுக்க இயலாத ஏழைகள் ஒதுக்கப்படுகின்றனர் என்ற அவர்களது குற்றச்சாட்டு நியாயமானதே. ஆயின், அவர்கள் விரும்பியது மத்திய காலத் தோற்றத்தின் மீட்சி. எண்ணற்ற தேவாலயங்களில் அடைப்புப் பலகைகள் பெயர்த்தெறியப்பட்டன. வாங்கு வாடகையோ பல இடங்களில் 20ஆம் நூற்றாண்டுவரை நீடித்தது. பலகை போயிற்று, பாகுபாடு போகவில்லை.

'புதுப்பித்தல்' என்ற பெயரால் நிகழ்ந்த இவ்வழிவை எதிர்த்து, 1877இல் பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கத்தை நிறுவியவர் வில்லியம் மொறிஸ். சில ஆண்டுகளில் சோஷலிஸ்டாக மாறிய அவர் பழமையைக் காக்க முனைந்தது முரண்பாடாகச் சிலருக்குத் தோன்றலாம். அது முரண்பாடன்று. ஒவ்வொரு காலத்து உழைப்பும் கட்டடத்தின் வரலாற்றில் ஓர் ஏடு என்று கண்டவர் அவர். ஆசனம் பிரபுவினுடையதாயினும், அதை இழைத்த கை தச்சனுடையதன்றோ!

எனினும், காத்தல் மட்டும் போதாது. இன்று கழிக்கப்படும் வாங்குகள் பழம்பொருட் கடைகளுக்கும் மதுச்சாலைகளுக்கும் சென்று, வசதி படைத்தோரின் அலங்காரமாகின்றன. அங்கே மரம் பிழைக்கின்றது, வரலாறு இறந்துவிடுகின்றது. நமது நாட்டிலும், 1757இல் திறக்கப்பட்ட கொழும்பு வொல்வெண்டால் தேவாலயத்தின் பழங்கதிரைகளை ஒல்லாந்தர் காலத்து அழகென வியந்து நிற்போருளர். அம்மரம் எவர் காட்டில் விளைந்தது, எவர் தோளிற் சுமக்கப்பட்டது என வினவுவோர் சிலரே.

எனவே, வாங்குகளை எரிப்பதும் வேண்டாம். மெருகூட்டி வணங்குவதும் வேண்டாம். கதவோடும் எழுத்தோடும் அவை இருந்த இடத்திலேயே இருக்கட்டும். அவற்றின் கதையை உள்ளே வருவோர் அனைவருக்கும் சொல்வோம். அநீதியின் சாட்சியத்தை அழிப்பதால் அநீதி அழிவதில்லை. அதனால் நன்மையடைவோர் அநீதி இழைத்தவரே.