வளைவில் ஒரு நீள வண்டி

சிங்காரப்பேட்டை தாண்டி செங்கம் கணவாய்ப் பக்கம் பஸ் திரும்பும்போது, டிரைவருக்குப் பின்சீட்டு கிடைத்தால் நான் தூங்குவதே இல்லை; அவர் வளைவுகளில் வண்டியைத் திருப்புவதையே பார்த்துக்கொண்டிருப்பேன். கிருஷ்ணகிரி–திண்டிவனம் சாலை இது.

நீள வண்டி திரும்பும்போது பின்சக்கரம் முன்சக்கரத் தடத்திலேயே வராது, உள்பக்கமாக வெட்டும். அதனால் இடப்பக்க வளைவில் நல்ல டிரைவர் அவசரப்பட்டு ஒடிப்பதில்லை. முன்பே கியரைக் குறைத்து, மூக்கைக் கொஞ்சம் விட்டுப் பிடித்து, பின்சக்கரம் மண்ணில் இறங்குகிறதா என்று கண்ணாடியில் ஒரு பார்வை. அப்புறம்தான் உள்ளங்கையால் ஸ்டியரிங்கை உருட்டுவார். எவ்வளவு அழகான பொறுமை அது! வண்டி நிமிர்ந்ததும் பிடியைத் தளர்த்துவார். ஸ்டியரிங் அவர் விரல்களுக்குள் சரசரவென்று வழுக்கித் தானே நேராகும். பக்கத்து சீட்டில், அம்மா மடியில் கிடக்கும் குழந்தை அசையக்கூட இல்லை.