அவலாஞ்சி என்ன விநோதப் பெயரா?

நீலகிரி மழைக் குறிப்புகளைச் சேர்த்து வைக்கும் பழக்கம் எனக்கு உண்டு. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியதே, அதற்குப் பிறகு தொற்றிய பழக்கம். ஊருக்கு ஒரு கோப்பு, பெயர் தமிழில். அதையெல்லாம் கிட்டில் போட்டு நிலவரம் கேட்டால், அவலாஞ்சி என்ற பெயருக்குப் பதில் \340\256\205 என்று தொடங்கி 24 எண்கள் வரிசையாக வந்து நிற்கும். முதல் மூன்றும் சேர்ந்தால் 'அ'. கிட்டின் கையேடு இப்படி மாற்றிக் காட்டுவதை 'வழக்கமில்லாத' எழுத்துகளுக்கான ஏற்பாடு என்கிறது.

யாருக்கு வழக்கமில்லாதது? இந்தக் கேள்விதான் இந்தக் கட்டுரை.

யூனிக்ஸில் கோப்புப் பெயருக்கு இரண்டே இரண்டு தடைகள்: சாய்கோடு கூடாது, சுழிய பைட் கூடாது. மற்ற எந்த பைட்டும் வரலாம். தமிழ் யுனிகோடு வந்தபோது லினக்ஸ் கர்னலில் எதையும் மாற்றாமலே நம் பெயர்கள் உள்ளே போனதற்கு இந்தத் தாராளம்தான் காரணம். ஆனா அதே கதவு வழியா வேறு ஆட்களும் வந்தாங்க. பெயருக்கு நடுவே புதுவரிக் குறி வரலாம். டெர்மினலை ஆட்டிவைக்கும் எஸ்கேப் குறி வரலாம். '-rf' என்றே ஒரு கோப்புக்குப் பெயர் வைக்கலாம். அந்த அடைவில் நின்று ஆர்எம் கட்டளையோடு வெறும் நட்சத்திரக் குறியைக் கொடுத்தால், ஷெல் அதை விரித்துப் பெயர்ப்பட்டியலாகக் கொடுக்கும். எது பெயர், எது கட்டளைத் தேர்வு என்று ஆர்எம்முக்குத் தெரிய வழியே இல்லை. நட்சத்திரத்துக்கு முன்னால் './' சேர்ப்பது நம் பொறுப்பு.

இதற்கு டேவிட் வீலர் தன் நீண்ட கட்டுரையில் சொல்லும் தீர்வு நேரடியானது: கட்டுப்பாட்டுக் குறிகளையும் முதலில் வரும் '-' குறியையும் தடை செய், பெயர்கள் யுடிஎஃப்-8 ஆகவே இருக்க வேண்டும் என்று விதி வை. படிக்கும்போது தலை தானாக ஆடும். ஆனால் ஏற்கெனவே வட்டில் இருக்கும் பெயர்கள்? யுனிகோடுக்கு முன்பு பழைய தமிழ்க் குறியாக்கங்களில் பெயரிட்ட கோப்புகளும் அந்த வலையில் சிக்கும். பூட்டை மாற்றும்போது வீட்டுக்குள் இருப்பவரை வெளியே நிறுத்திவிடக் கூடாது.

நான் பாடம் படித்தது என் சொந்த ஸ்கிரிப்டில். எமரால்டு பக்கம் ஒரு பெரியவர் வருடக்கணக்கில் நோட்டில் எழுதிய மழை அளவுகளை உட்கார்ந்து தட்டச்சு செய்தேன். கோப்பின் பெயரில் ஊருக்கும் வருடத்துக்கும் நடுவே ஓர் இடைவெளி விட்டேன். காப்பு எடுக்க ஃபைண்ட் தரும் பட்டியலை எக்ஸ்ஆர்க்ஸுக்கு அனுப்பும் ஒரு வரி ஸ்கிரிப்ட். எக்ஸ்ஆர்க்ஸ் இடைவெளியில் பெயரை இரண்டாக வெட்டும். இரண்டு பெயரிலும் கோப்பு கிடையாது. சிபி கட்டளை அப்படி எதுவும் இல்லை என்று ஒவ்வொரு இரவும் சொல்லியிருக்கிறது. பிழைச் செய்திகளைக் குப்பைக்குத் திருப்பிவிட்டது நான்தான். மடிக்கணினியின் வட்டு போனபோது காப்பில் அந்தக் கோப்பு இல்லை. திரும்பப் போய்க் கேட்டேன். வீடு மாறியதில் நோட்டு போய்விட்டது என்றார்.

சுழிய பைட்டால் பெயர்களைப் பிரிக்கும் வசதி குனு கருவிகளில் பல காலமாக இருக்கிறது. அதை எழுதாதது என் தப்பு. ஆனால் தவறான வழி சுருக்கமாகவும் சரியான வழி நீளமாகவும் இருந்தால் பெரும்பாலானோர் எதை எழுதுவார்கள்? போசிக்ஸ் தரம் அந்த வசதியை ஏற்றுக்கொண்டது 2024 பதிப்பில்தான். அதே பதிப்பு, புதுவரிக் குறியுள்ள பெயரைப் புதிதாக உருவாக்கக் கருவிகள் மறுக்கலாம் என்றும் ஊக்குவிக்கிறது. பழைய கோப்பைத் திறக்கத் தடையில்லை. தாமதம் என்று குறை சொல்வேன்; திசை சரி.

எல்எஸ் கதையும் இப்படித்தான். 2016 ஜனவரியில் வந்த கோர்யூட்டில்ஸ் 8.25, இடைவெளி போன்றவை உள்ள பெயர்களைத் திரையில் மேற்கோள் குறிக்குள் காட்ட ஆரம்பித்தது. பலருக்குக் கோபம். எனக்கும் முதலில் எரிச்சல்தான். யோசித்தால், மாற்றம் திரையில் மட்டும். பைப் வழியாக வேறு நிரலுக்குப் போகும்போது பழையபடியே போகிறது. கண்ணுக்குப் பாதுகாப்பு, ஸ்கிரிப்டுக்குப் பழைய ஒப்பந்தம். அந்த மேற்கோள் குறியை அன்றே மதித்திருந்தால் என் கோப்பு பிழைத்திருக்கும்.

ஆனால் நான் அதிகம் மதிப்பது 2014 டிசம்பரில் கிட் செய்த திருத்தத்தை (சிவிஇ-2014-9390). மேக்கின் அப்போதைய கோப்பு முறை, கண்ணுக்குத் தெரியாத சில எழுத்துகளைப் பெயர் ஒப்பிடும்போது கணக்கில் எடுக்காது. 'கிட்' என்ற மறைவு அடைவின் பெயருக்கு நடுவே அகலமில்லா இணைப்புநீக்கியைச் செருகினால் கிட் அதை வேறு பெயர் என்று நம்பும். மேக் அதே அடைவு என்று எழுதிவிடும். அமைப்புக் கோப்பையே மாற்றி, உங்கள் கணினியில் அடுத்தவர் கட்டளையை ஓட்டலாம். பதறிப்போய் 'கண்ணுக்குத் தெரியாத எழுத்து எதுவும் கூடாது' என்று சட்டம் போட்டிருக்கலாம். ஆனால் தமிழில் 'க்‌ஷ' என்று பிரித்து எழுத அதே எழுத்துதான் வேண்டும். பாரசீகத்துக்கு அது இல்லாமல் எழுத்துமுறையே நிற்காது. கிட் அப்படிச் செய்யவில்லை. அந்த எழுத்துகளை நீக்கிப் பார்த்தால் அந்த ஒரே பெயராக மாறுகிறதா என்று மட்டும் பார்த்து, மாறினால் மறுத்தது. திருடனின் முகத்தைப் பார்த்துப் பிடிப்பது இது. வேட்டி கட்டியவர் எல்லாரையும் நிறுத்துவதல்ல.

இவ்வளவு நிதானம் தெரிந்த கிட்தான், திரையில் அவலாஞ்சியை எண்ணாக்குகிறது. அதன் பக்கத்திலும் ஒரு நியாயம் இருக்கு: பெயர் எந்தக் குறியாக்கத்தில் இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. கோட்பாத் அமைப்பை அணைத்தால் தமிழ் தெரியும். நானும் அணைத்துவிட்டேன். ஆனால் அணைக்கலாம் என்பதே தெரியாமல், தமிழில் பெயர் வைத்தது தன் தப்பு என்று நினைத்து அடுத்த முறை ஆங்கிலத்துக்குப் போகும் மாணவருக்கு யார் சொல்வது? எல்எஸ் காட்டிய வழி கையில் இருக்கிறது: திரை யுடிஎஃப்-8 என்றால், பெயரும் ஒழுங்கான யுடிஎஃப்-8 என்றால், எழுத்தாகக் காட்டு. எஸ்கேப் குறியும் புதுவரியும் எண்ணாகவே இருக்கட்டும். பைப்பில் போவது அப்படியே போகட்டும். எந்தப் பழைய ஸ்கிரிப்டும் உடையாது.

பாதுகாப்பு என்ற பெயரில் எதையாவது மாற்றும்போது நான் இப்போது மூன்று கேள்வி கேட்கிறேன். பழைய கோப்பைத் திறக்க முடியுமா? நிரலுக்குப் போவது மாறுகிறதா? 'விநோதம்' என்று ஒதுக்கியது யாருடைய அன்றாடப் பெயர்?

காப்பு ஸ்கிரிப்டைத் திருத்திவிட்டேன். பிழைச் செய்திகளையும் இப்போது படிக்கிறேன். கோப்புப் பெயரில் இடைவெளி அப்படியே இருக்கிறது. பெயரை மாற்றப் போவதில்லை.