மூன்றாம் துளையின் கணக்கு

டயடோனிக் மவுத் ஆர்கனில் துளைகள் 10, ரீடுகள் (அதிரும் உலோகப் பட்டைகள்) 20. ஊதினால் ஒரு சுரம், இழுத்தால் இன்னொன்று. ஜெர்மனியின் ஹோனர் நிறுவனம் 1896இல் கொண்டுவந்த மரைன் பேண்ட் இன்றும் இதே அமைப்பில்தான் விற்பனையாகிறது. சி சுருதி மவுத் ஆர்கன் பெட்டியின் கீழ் ஸ்தாயியில் எஃப், ஏ இரண்டும் கிடையாது. இந்தக் குறைதான் வாத்தியத்துக்குக் குரல் கொடுத்தது என்பது என் கட்சி. மூன்றாம் துளையைப் பாருங்கள். ஊதினால் ஜி, இழுத்தால் பி. நாக்கைப் பின்னுக்கு வாங்கி, வாய்க்குள் இடத்தை மாற்றி இழுத்தால், பி மூன்று அரைச்சுரம் வரை வளைந்து வழுக்கி இறங்கும்; விடுபட்ட ஏ-யும் அந்த வழியில் கிடைக்கும். சும்மா இருக்க வேண்டிய ஜி ரீடும் அதிரத் தொடங்கி, இறங்க இறங்க ஒலியைத் தானே ஏற்றுக்கொள்கிறது. ப்ளூஸ் கலைஞர்கள் சி பெட்டியைப் பெரும்பாலும் ஜி சுருதியில்தான் வாசிக்கிறார்கள். அவர்கள் தேடும் காந்தாரம் பி-க்கும் பி ஃபிளாட்டுக்கும் இடையே, இந்த வழுக்கலில்தான் இருக்கிறது.

பொத்தானை அழுத்தினால் எல்லா அரைச்சுரங்களும் தரும் குரோமாட்டிக் இருக்க இந்தப் பாடு எதற்கு என்று கேட்கலாம். பொத்தான் சுரத்தை முழுசாகத் தந்துவிடும். அதை நோக்கிப் போகும் பாதையைத் தராது. அதில் பெரும்பாலும் வால்வுகள் எதிர் ரீடுக்குக் காற்றை அடைத்துவிடுவதால், இரண்டு ரீடுகள் கலந்து இறங்கும் அந்தக் கரகரப்பும் வராது.

விடுபட்ட சுரங்களைப் பெற, மவுத் ஆர்கன் கலைஞர் ஹோவர்ட் லெவி 1970 வாக்கில் கைக்கொண்ட ஓவர்ப்ளோ இன்னொரு வழி. ஆறாம் துளையில் ஊதும் ரீடை அடங்கச் செய்து, இழுக்கும் ரீடைப் பேசவைத்தால் பி ஃபிளாட் கிடைக்கும். ஒலி மெலிந்து கீச்சிடுகிறது என்று குறை சொல்பவர்கள் உண்டு. சரியாகச் சீர்செய்யாத பெட்டியில் அது உண்மைதான். ரீடுக்கும் தகட்டுக்கும் உள்ள இடைவெளியைக் குறைத்து, ரீடு அதிரும் பிளவின் ஓரத்தை அழுத்தி நெருக்கினால் காற்றுக் கசிவு குறையும், சுரமும் நிலைக்கும். ரீடுகளின் உறவை இந்த வேலை குலைப்பதில்லை; கூர்மையாக்குகிறது.

இன்னொரு மவுத் ஆர்கன் கலைஞரான பிரெண்டன் பவர் பரப்பிய பேடி ரிக்டர் சுருதியமைப்பு வேறு ரகம். மூன்றாம் துளையில் ஊதும் ஜி-யை ஏ ஆக உயர்த்திவிடுகிறது. வேகமாக ஓடும் ஐரிஷ் மெட்டுக்கு வளைக்காத ஏ வரப்பிரசாதம். ஆனால் ஏ-க்கும் பி-க்கும் நடுவே எஞ்சுவது ஒரே அரைச்சுரம்; மூன்று படி இறங்கிய பி இப்போது ஒரு படியோடு நின்றுவிடும். ஐரிஷ்காரருக்கு இது லாபம், ப்ளூஸ்காரருக்கு நஷ்டம். ஆகவே ஒரு மாற்றத்தை எடைபோடும்போது எத்தனை சுரம் கூடியது என்று மட்டும் எண்ணினால் போதாது. எந்த வழுக்கலை விலையாகக் கொடுத்தோம், வாசிக்கும் இசைக்கு அது தேவைதானா என்றும் கேட்டாக வேண்டும்.