வில்லன் காற்றா, முடிவா? செட்ரிக் டெல்வ்ஸின் நினைவுகளை முன்வைத்து

1982 ஏப்ரலில் பிரிட்டன் தெற்கு ஜார்ஜியா தீவை அர்ஜென்டினாவிடமிருந்து மீட்டது. "சிறப்புப் படை மீட்ட தீவு" என்று சொல்வது வழக்கமாகிவிட்டது. எஸ்.ஏ.எஸ். படையின் டி ஸ்குவாட்ரனுக்கு அப்போது தலைமை தாங்கிய செட்ரிக் டெல்வ்ஸ் 2018-ல் எழுதிய 'அக்ராஸ் ஆன் ஆங்ரி சீ' நூலை, மற்றவர்கள் சொன்னவற்றோடு சேர்த்து வாசித்தால் அந்த வாசகம் கொஞ்சம் இடிக்கிறது.

ஏப்ரல் 21. மலைப்பயிற்சி பெற்ற பிரிவு ஒன்று வேவு பார்க்க ஃபார்ச்சுனா பனியாற்றில் இறங்குகிறது. அந்த இடத்தை அறிந்தவர்கள் வேண்டாம் என்றார்கள். மரீன் படையின் மேஜர் கை ஷெரிடன் நல்ல மலையேறி, அவரும் வேண்டாம் என்றார். எடுபடவில்லை. ஓர் இரவுப் புயல் போதுமாக இருந்தது. மறுநாள் காலை, "எங்களைக் கூட்டிட்டுப் போங்க" என்று செய்தி வருகிறது. போன மூன்று வெசெக்ஸ் ஹெலிகாப்டர்களில் இரண்டு, கண்ணை மறைக்கும் பனியில் விழுந்து நொறுங்கின. 'ஹம்ஃப்ரி' என்ற மூன்றாவதை ஓட்டிய இயன் ஸ்டான்லி திரும்பிப் போய், மிச்சமிருந்த எல்லாரையும் ஒரே நடையில் அள்ளி வந்தார். ஒருத்தரும் சாகவில்லை. அடுத்து ரப்பர் படகில் போனார்கள். எஞ்சின் நின்று சில படகுகளைக் கடல் இழுத்துக்கொண்டது.

இப்படிப்பட்ட நினைவுக்குறிப்புகளில் எனக்குச் சிக்கல் இங்கேதான். குளிரைத் தாங்கியவரே முடிவெடுத்தவராகவும் இருக்கும்போது, தாங்கிய கதை எடுத்த முடிவை மூடிவிடுகிறது. காற்று வில்லனாகிவிடும். ஸ்டான்லியின் துணிச்சல் பெரிசுதான், சந்தேகமே இல்லை. ஆனால் அதற்குத் தேவையே வந்திருக்க வேண்டாமே!

தீவு விழுந்த விதமும் வேறு. 25-ஆம் தேதி, சாண்டா ஃபே நீர்மூழ்கியை ஹம்ஃப்ரிதான் ரேடாரில் கண்டுபிடித்துத் தாக்கியது. அது சேதமாகிக் கரை ஒதுங்கியதும், முக்கியப் படை வேறு கப்பலில் தொலைவில் இருக்க, கையிலிருந்த சுமார் 75 பேரைத் திரட்டிக்கொண்டு ஷெரிடன் இறங்கினார். எஸ்.ஏ.எஸ்.காரர்களும் அதில் உண்டு. கப்பல் பீரங்கிகள் மலைச்சரிவை அதிரவைத்தன. கிரிட்விக்கன் வெள்ளைக்கொடி காட்டியது. பனியாற்றுத் திட்டத்துக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

ரத்தம் சிந்தாத வெற்றி என்றும் சொல்லிவிட முடியாது. 26-ஆம் தேதி, கைதியாக இருந்த அர்ஜென்டினா மாலுமி ஃபெலிக்ஸ் அர்ட்டூசோவை, நீர்மூழ்கியை மூழ்கடிக்கப் போகிறார் என்று தவறாக நினைத்து, காவலுக்கு நின்ற மரீன் சுட்டுக் கொன்றார். கிரிட்விக்கனில் ஷாக்கில்டன் புதைக்கப்பட்ட அதே கல்லறைத் தோட்டத்தில்தான் அவரும் இருக்கிறார்.