கண்ணகி உரைத்த வழக்கும் நாம் எழுதும் மனுவும்

சிலப்பதிகாரத்தை நம்மவர் கற்பின் காவியமென்றே பெரிதும் போற்றி வருகின்றனர். பள்ளிக்கூட விழாக்களில் கண்ணகி வேடம் புனைந்த சிறுமி தலைவிரி கோலமாய் வந்து சிலம்பை ஓங்கி எறிவாள், கூட்டம் கைதட்டும், அவள் அரசனிடம் யாது வழக்காடினாள் என்பது மட்டும் ஒருவர் செவியிலும் ஏறுவதில்லை. உ. வே. சாமிநாதையர் 1892-ஆம் ஆண்டில் அந்நூலை அச்சேற்றிய பின்னர் உரைகளும் ஆராய்ச்சிகளும் பல தோன்றியுள்ளன. நாம் இங்குச் செய்யப் புகுவது மிகச் சிறிய காரியம். வழக்குரை காதையை ஒரு குடிமகளின் மனுவாகப் படித்துப் பார்ப்பதேயாம்.

இவ்வெண்ணம் எழுந்ததற்குக் காரணம் கேரித் தீவுப் பெரியவர் ஒருவர். தம் தொகுதிப் பிரதிநிதிக்குத் தாம் எழுதிய கடிதமொன்றைத் திருத்தித் தரும்படி அவர் நம்மிடம் கொண்டுவந்தார். நாம் ஆங்கிலம் படித்த தோட்டத்துக் கிராணி. பிறருக்கு மனு எழுதுவது நமக்குப் புதிதன்று. கடிதம் இரண்டு பக்கம். முதற் பக்கம் முழுவதும் ‘யாங் பெர்ஹோர்மாட்’ முதல் ‘மாண்புமிகு’ வரை இருமொழிப் பட்டங்கள், தேர்தல் வெற்றிக்கு வாழ்த்து, குடும்ப க்ஷேமம். பின்னர் ‘ஏழையேன்’, ‘அடியேன்’. கடைசி மூன்று வரியிலேதான் விஷயம் வெளிப்பட்டது: மழை பெய்தால் வாசல்வரை நீர் தேங்குகிறது, இரண்டு தடவை எழுதியும் பதிலில்லை. கரைகட்டி வாய்க்கால் வெட்டித் தோட்டமாக்கப்பெற்ற தாழ்நிலத் தீவில் தேங்கிய நீர் சின்ன விஷயமா?

இனி, கண்ணகி பேசிய முறையைப் பாருங்கள். வாயிற்காவலன் அவளைக் கண்டு நடுங்கினானேயன்றி ‘நாளை வா’ என்று சொல்லவில்லை. நீ யாரென அரசன் வினவ, ஆராய்ந்தறியாத அரசனென்று முகத்துக்கு நேரே கூறியே அவள் தொடங்குகிறாள். புகழுரை உண்டு, ஆனால் அது அவனுக்கன்று. புறாவின் துயர் தீர்த்தவனும், பசுவின் கண்ணீருக்காகத் தன் மகனையே தேர்க்காலிலிட்டவனும் ஆண்ட புகார் என் ஊர் என்கிறாள். இஃது ஊர்ப்பெருமை மட்டுமன்று. முன்தீர்ப்பை எடுத்துக் காட்டுதலுமாகும். பின்னர் கணவன் பெயர், வந்த காரணம், நேர்ந்த கொலை, தன் பெயர். கள்வனைக் கொல்லுதல் அரசநீதியே என்று பாண்டியன் சட்டம் பேசியபொழுது அவள் அழவில்லை. என் சிலம்பின் பரல் மாணிக்கம் என்றாள். அவன் தங்களது முத்து என்றான். உடைத்தார்கள், வழக்கு முடிந்தது. இத்தனைக்கும் ‘கருணை கூர்ந்து’ என்ற சொல் அவள் வாயில் ஓரிடத்தும் வரவில்லை.

இளங்கோவடிகளிடம் நமக்குள்ள மதிப்புக் குன்றாமலே ஒரு குறையும் சொல்லுவோம். அரசியலில் தவறினோர்க்கு அறமே எமனாகும் என்று பதிகத்தில் முழங்கிய நூல், ஊழ்வினை விடாது என்றும் அங்கேயே சொல்லுகிறது. மன்னன் ஆராயாது கொலைக்கு ஆணையிட்டதற்கும் வினை விளையும் காலமென்று காரணம் காட்டுகிறது. குற்றம் புரிந்தவனுக்கு இதனினும் நல்ல சாக்கு வேறென்ன வேண்டும்? நம் லயத்துச் சனங்கள் முதலாவதை மறந்து பின்னதை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டனர். தேங்கிய நீரும் தலையெழுத்தாயிற்று.

ஆயின், கண்ணகிக்கிருந்த ஒரு வசதி இப்பெரியவருக்கில்லை என்பதையும் ஒப்புக்கொள்ளவேண்டும். ஆணையிட்டவன் யாரென்று அவளுக்குத் தெரியும். இந்நாட்டிலோ 1951-இல் ஜார்ஜ் டவுன் மாநகரில் தொடங்கி வாக்களித்துத் தேர்ந்த ஊராட்சித் தேர்தல்கள் 1965-இல் நிறுத்தப்பட்டன. அவற்றை மீண்டும் நடத்தவேண்டுமென்று பரிந்துரைத்த அரச விசாரணைக் குழுவின் தலைவர் ஒரு தமிழர், ஆதி நாகப்பன். அவ்வறிக்கை புறக்கணிக்கப்பட்டது, 1976-ஆம் ஆண்டுச் சட்டம் தேர்தலுக்கு முற்றுப்புள்ளி வைத்தது. ஆகவே சாலைக்கும் சாக்கடைக்கும் பொறுப்பான கழக உறுப்பினரை மாநில அரசு நியமிக்கிறது, நாம் தேர்வதில்லை. தோட்டமோ தனியார் நிலமென்று பல காலமாய் ஊராட்சிக் கணக்குக்கு வெளியே நிறுத்தப்பட்டு வந்துள்ளது. எஞ்சியிருப்பவர் நாம் வாக்களித்த பிரதிநிதி ஒருவரே. ‘அஃது என் அதிகாரத்திலில்லை’ என்று அவர் சொல்லக்கூடும். அது பாதி உண்மை. அதிகாரமுள்ளவரைச் சபையிலே எழுந்து கேட்கும் வாய் அவருக்குத்தானே அளிக்கப்பட்டிருக்கிறது?

ஆதலால் பெரியவரின் கடிதத்தை ஆறு வரியாகச் சுருக்கினோம். ஊர், பெயர், நீர் தேங்கிய நாட்கள், முன்னர் எழுதிய இரு கடிதங்களின் தேதி, தேர்தல் மேடையில் அவர் தந்த வாக்கு, சபையில் எப்போது கேட்பார் என்ற வினா, அவ்வளவே. படித்துக் காட்டியதும் பெரியவர் முகம் வெளிறியது.

“என்னங்க தம்பி, கேஸ் போடுற மாதிரி இருக்கே! அவர் மனசு கோணிட்டா?”

நமக்கு விடை எழவில்லை. இவ்வச்சத்தை வளர்த்ததில் நம் வகுப்பாருக்கும் பங்குண்டு. ‘தங்கள் கீழ்ப்படிந்த ஊழியன்’ என்று துரைமார்க்கு ஆங்கிலத்தில் எழுதிப் பழகிய கிராணிமார்தாமே அப்பணிவைத் தமிழாக்கி லயந்தோறும் விநியோகித்தோம்? துரை போய்விட்டார், வாசகம் போகவில்லை.

நெடுநேரம் கழித்துப் பெரியவர் கையொப்பமிட்டார். அதற்கு மேலே ‘பணிவுடன்’ என்று தம் கையாலேயே எழுதிச் சேர்த்தார். அந்த ஒரு சொல்லை நாம் அடிக்கவில்லை.