வில்லும் மேடையும்: சுப்பு ஆறுமுகத்தின் பாட்டுமுறை

நாட்டுப்பாடலை ஆராய்வோர், ஆசிரியர் பெயர் அறியப்படாமையை அதன் இயல்புகளுள் ஒன்றாகக் கொள்வர். இலக்கிய வரலாறு எழுதுவோரோ, ஏட்டில் நில்லாது மேடையில் நிகழ்வதனைத் தம் எல்லைக்குப் புறம்பெனக் கருதுவர். இவ்விரு திறத்தாராலும் பெரிதும் கருதப்படாது விடப்பட்டவர் வில்லிசைக் கலைஞர் சுப்பு ஆறுமுகம் (1928–2022). எழுபது ஆண்டளவு வில்லுக்குப் பாட்டெழுதியும் பாடியும் வாழ்ந்த அவரைக் குறித்துப் பாராட்டுரைகள் பலவுள. பாட்டினை எடைபோட்டு உரைத்தவை அருகியே காணப்படுகின்றன. அவர் பாடியது பழைய வில்லுப்பாட்டா, அன்றி அதன் கருவியை மட்டும் மேற்கொண்ட வேறொரு கலையா என்னும் வினாவினை ஈண்டு எழுப்புகின்றோம்.

நாஞ்சில் நாட்டிலும் நெல்லைச் சீமையிலும் வில்லுப்பாட்டு கொடைவிழாவின் ஓர் உறுப்பாகும். சுடலைமாடன், இசக்கியம்மன், முத்துப்பட்டன் முதலிய தெய்வங்களின் கதைகளை அத்தெய்வங்களின் முன்னிலையிலேயே இரவெல்லாம் பாடுவர். வீசுகோலால் நாணை அறைந்து பாடும் அண்ணாவி, காப்பில் தொடங்கி, அவையடக்கம் கூறிக் கதையினுட் புகுந்து, வாழி பாடி முடிப்பார். குடமும் உடுக்கும் தாளமும் துணைநிற்கும். கதைத்தலைவன் உயிர்துறக்கும் கட்டமே இவற்றுள் தலையாயது. ஆங்குத் தாளம் முடுகும். சாமியாடியின்மேல் தெய்வம் இறங்கும். குமரி மாவட்டத்து வில்லுப்பாட்டினைக் களத்தில் ஆராய்ந்து 1988இல் நூல் வெளியிட்ட அமெரிக்க அறிஞர் சுடூவர்ட் பிளாக்பர்ன், வன்சாவும் அதன்வழித் தெய்வமாதலும் இக்கதைகள் பலவற்றிற்கு உயிர்நிலையாதலை விளக்கியுள்ளார். கேட்போர் உறங்கினும் பாட்டு நில்லாது. சடங்கு நிறைவேறுதற்கு அது வேண்டும்.

திருநெல்வேலியை அடுத்த சத்திரம் புதுக்குளத்திற் பிறந்த ஆறுமுகத்தைச் சென்னைக்கு அழைத்துச் சென்றவர், நாகர்கோயில் ஒழுகினசேரியில் 1908இல் தோன்றிய கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன். அவரும் வில்லுப்பாட்டில் தொடங்கியவரே. கலைவாணர் வில்லிற் பாடிய காந்தியடிகள் வரலாறு ஆறுமுகத்தின் எழுத்தாகும். இதனைத் தேசியப் பரப்புரை என்ற அளவில் கூறிச் செல்வார் உளர், அஃது அமையாது. குற்றமற்ற ஒருவன் வஞ்சனையால் கொல்லப்படுகின்றான். கொல்லப்பட்டபின் மக்கள் நெஞ்சில் தெய்வமாகின்றான். கொடைக்கதையின் உள்ளமைப்பு இதுவன்றோ? 1948ஆம் ஆண்டு சனவரித் திங்களில் நாடு கண்ட கொலையைத் தென்பாண்டி மக்கள் தாம் நெடுங்காலம் பழகிய வடிவிலேயே கேட்டனர் என்பது எம் துணிபு. ஆயின் இக்கதையில் தெய்வம் எவர்மேலும் இறங்குவதில்லை. கொடையில் ஆட்டமாய் வெளிப்படும் உணர்ச்சி, இங்குக் கண்ணீராகிப் பின் அறிவுரையில் அடங்குகின்றது.

இம்மாற்றம் பின்பாட்டுக்காரரிடத்து இன்னும் தெளிவாகப் புலனாகும். கொடையில் அவர் ‘ஆமா’ என்பது அண்ணாவிக்கு மூச்சு வாங்க இடந்தரும், அடியை நிரப்பும். ஆறுமுகத்தின் மேடையிலோ அவர் வினவுகின்றார், ஐயுறுகின்றார், சிற்சில வேளைகளில் கேலியும் பேசுகின்றார். கலைவாணரின் நகைச்சுவைப் பயிற்சி இதற்கு அடிப்படை எனலாம்; திரைப்படத்திற்கு நகைச்சுவைப் பகுதிகள் எழுதிய பழக்கமும் ஆறுமுகத்திற்கு உண்டு. கொடையைக் காணாத நகரத்தார்க்கு அவர்களுள் ஒருவரே போலக் கேள்வி கேட்கும் ஓர் ஆள் மேடையில் கிடைத்துவிடுகின்றார். இஃது அவர்தம் கலையின் நுட்பமான வளர்ச்சியென மதிக்கின்றோம்.

குறையும் கூறல் வேண்டும். வானொலியும் சபைகளும் தந்த காலம் ஓரிரு மணி நேரமே. விடியுமளவும் விரியும் கதை அதனுள் அடங்காது. அன்றியும் ஒழுக்கமும் நாட்டுப்பற்றும் உணர்த்தப் புகுமிடங்களிற் கதை நின்றுவிடுகின்றது; நின்றவிடத்து நகையே அவையைத் தாங்குகின்றது. இராமாயணமும் மகாபாரதமும் அவரால் வில்லிசையாயின. அவை முன்பே அவையோர் அறிந்த கதைகளாதலின், கதையினும் சொல்லும் திறமே அங்கு முன்னிற்கின்றது.

அழியவிருந்த வில்லுப்பாட்டினை மீட்டவர் என அவரைப் போற்றுதல் வழக்காயிற்று. அன்புரையாக ஏற்கலாமேயன்றி வரலாறாக ஏற்றல் இயலாது. சென்னையில் அவர் பாடிய அக்காலத்தே குமரி மாவட்டக் கொடைகளில் வில்லின் மணி ஓய்ந்ததில்லை. 2018இல் மறைந்த பூங்கனி போன்றோர் நகர மேடையின் துணையின்றியே ஊர்தோறும் பாடி வந்தனர். 2004இல் சங்கீத நாடக அகாதெமி விருதும் 2021இல் பத்மஸ்ரீயும் ஆறுமுகத்தை அடைந்தன. கொடைப் பாடகர் பலர்க்கு அத்தகைய சிறப்பு எய்தவில்லை. இவ்வேறுபாட்டிற்கு அவரைப் பொறுப்பாக்குதல் முறையன்று. ஆயினும் அவர் செய்ததை மீட்பென்று கூறுங்கால், மீட்க வேண்டாதிருந்தவர்கள் மறைக்கப்படுகின்றனர்.

எனவே அவரை, கொடைக்கதையின் அமைப்பை அறிந்து சடங்கினை விலக்கிப் புதியதொரு மேடைப்பாட்டினை இயற்றிய ஆசிரியர் எனக் கோடலே தகும். ‘வில்லிசை’ என்னும் பெயரை அவர் தம் நூல்களுக்கு இட்டதும் இதற்கு அரணாகும். அச்சுநூல் கொண்டு மட்டும் அவரை அளத்தல் இயலாது. பின்பாட்டுக்காரரின் குரல் வானொலிப் பதிவுகளிலும், அவர் மகளார் பாரதி திருமகன் தொடர்ந்து நிகழ்த்திவரும் மேடைகளிலுமே கேட்கப்படுவது. அப்பதிவுகளைக் கொடைப்பாட்டின் பதிவுகளோடு அடிதோறும் ஒப்புநோக்கும் பணியினை முதுகலை மாணவர் மேற்கொள்ளலாம்.