கோவூர் கிழாரும் பாலில்லாக் குழவியும்

தமிழர் திருநாளிலும் பள்ளி ஆண்டு விழாவிலும் நம்மவர் மேடையேறினால் புறநானூற்றின் 279-ஆம் பாட்டு வாராதிருத்தல் அரிது. பிறந்தகத்தானை ஒரு போரிலும் கணவனை மற்றொரு போரிலும் இழந்த தாய் ஒருத்தி, இன்று போர்ப்பறை கேட்டதும், தனக்கென எஞ்சிய ஒரே மகனைக் கூவி அழைத்து, வெள்ளாடை உடுத்தி, தலைக்கு எண்ணெய் தடவி, கையில் வேல் கொடுத்து, களம் நோக்கிச் செல்க என விடுக்கின்றாள். கேட்போர் கைதட்டுகின்றனர். வீரத்தாய் என்று புகழ்கின்றனர். தலை சீவிக்கொள்ளவும் தாய் வேண்டியிருக்கும் அப்பையனுக்கு வயது என்ன என்று கேட்பார் யாருமில்லை.

அப்பாட்டை ஒக்கூர் மாசாத்தியார் எங்ஙனம் தொடங்கினார் என்பதை எந்தச் சொற்பொழிவாளரும் எடுத்துக்காட்ட யான் கேட்டிலேன். இத்தாயின் மனம் அழிந்துபோகட்டும் என்று சபிப்பவர் போலவும், அவள் துணிவின் கொடுமை கண்டு நடுங்குபவர் போலவும் அவர் தொடங்குகிறார். அது பழிப்பது போலப் புகழ்தல் என்பர் உரைகாரர். ஆகுக. பழிப்பது போன்ற சொல்லைத் தலையில் வைத்தவர் அதனை வீணே வைத்தார் எனக் கொள்ளல் வேண்டா. நம் மேடையோ அத்தலையை வெட்டிவிட்டு உடலை மட்டும் ஊர்வலம் விடுகிறது.

நிற்க. போரைப் பாடிய புலவருள் குழந்தையைக் கண்டவர் யார் என்று தேடுவார்க்கு முதற்கண் அகப்படுபவர் கோவூர் கிழார். ஆவூர்க் கோட்டையை நலங்கிள்ளி முற்றியிருக்க, உள்ளே நெடுங்கிள்ளி கதவடைத்துக் கிடந்த காலத்து அவர் பாடியது 44-ஆம் பாட்டு. கோட்டைக்குள் யானைகள் தீனியின்றித் துதிக்கை தரையிற் புரள முழங்குகின்றன. குழந்தைகள் பாலின்றி அலறுகின்றன. மகளிர் பூவின்றி வெறுங்கூந்தல் முடிக்கின்றனர். நீரில்லா வீடுகளினின்று அழுகுரல் எழுகின்றது. முற்றுகை என்னும் சொல்லுக்கு இதனினும் நேரான பொருள் எந்த அகராதியிலும் இல்லை. அம்பு ஒன்றேனும் விடப்படுமுன்பே பால் வற்றிவிடுகிறது. குழவிக்கு முன் யானையைச் சொன்னாரே என்று குறை காண்பாரும் இருக்கலாம். அரசன் காதில் விழ வேண்டுமானால் யானையினின்றுதான் தொடங்க வேண்டும் போலும்!

ஆயினும் ஒன்று சொல்லல் வேண்டும். அறவழி நின்றால் கதவைத் திற. மறவழி நின்றால் திறந்து போர் செய் என்றே புலவர் முடிக்கிறார். இரண்டாம் வழியில் அக்குழவிக்குப் பால் எங்கிருந்து வரும் என்பதற்கு அவரிடம் விடையில்லை.

46-ஆம் பாட்டில் அவர் இன்னும் ஒரு படி நெருங்குகிறார். மலையமானுடைய சிறுமக்களைக் கிள்ளிவளவன் யானைக்காலில் இடப் புகுந்த மன்றம் அது. அழுதுகொண்டிருந்த பிள்ளைகள் யானையைக் கண்டதும் அழுகையை மறந்துவிட்டன. கூடியிருந்த கூட்டத்தைப் பார்த்தே புதிதாய் மருளுகின்றன. கொல்ல வந்த விலங்கு பிள்ளைக்கு வேடிக்கைப் பொருள், மனிதரே அச்சப் பொருள்! இதனைக் கண்ட கண் பெரிய கண். புலவர் அவர்களை உய்வித்தார் என்று பாட்டின் அடிக்குறிப்புக் கூறுகிறது. எனினும் அவர் வழக்காடிய நியாயம், இவர்கள் புலவர்க்குப் பகுத்தளித்தோன் மக்கள் என்பதாகும். வள்ளல் வீட்டில் பிறவாத பிள்ளையாயின் எந்த நியாயம் சொல்லியிருப்பாரோ!

போருக்கு முன்னரே எச்சரிக்கும் அறம் எங்களுக்கு இருந்தது என்று 9-ஆம் பாட்டைக் காட்டிப் பெருமை கொள்வாரும் உளர். நெட்டிமையார் தரும் அவ்வரிசையில் பசு, பார்ப்பனர், பெண்டிர், நோயாளர், மகப்பேறு இல்லாதார் என்போர் உளர். பசு முதலில் நிற்கிறது. உழவனையும் குழந்தையையும் காணோம்.

பின்வந்த கலிங்கத்துப்பரணியின் நிலை வேறு. முதற் குலோத்துங்கன் படை கருணாகரத் தொண்டைமான் தலைமையில் கலிங்கத்துள் புகுந்தபோது, குடிமக்கள் நாக்குழறி, உடல் பதறி, இடுப்புத் துணி நழுவ ஓடிவந்து தம் அரசன் காலில் விழுகின்றனர். மதில் இடிகிறது, ஊர் எரிகிறது, புகை சூழ்கிறது, சோலை மடிகிறது என முறையிடுகின்றனர். செயங்கொண்டாரின் சந்தம் அவ்விடத்தில் துள்ளி ஓடுகிறது. படிப்பவன் உதட்டில் நகை அரும்புகிறது. எரியும் ஊருக்குத் துள்ளும் சந்தம் அமைத்தல் வித்தை என்பதில் ஐயமில்லை. அந்த வித்தையை நான் அஞ்சுகிறேன். அவ்வூரில் பிள்ளைகள் இருந்தன என்பதே நமக்கு மறந்துபோகிறது. பசியும் அந்நூலில் உண்டு, ஆனால் அது பேய்களின் பசி. களத்தில் கூழ் அட்டு அதனைத் தீர்த்துவிடுகிறார் கவி.

பரணி பாடப்பெறுதற்கு ஆயிரம் யானைகளைக் கொன்றிருத்தல் வேண்டும் என்பது இலக்கணம். யானையை எண்ணிய மரபு இது. மனிதரை எண்ணாத வழக்கம் மலாயா மண்ணிலும் நமக்கு நேர்ந்தது. ஜப்பானியர் 1942-இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்த சயாம்–பர்மா ரயில் பாதை 415 கிலோமீட்டர் நீளமுடையது. அதில் மாண்ட நேசநாட்டுக் கைதிகளுக்குக் காஞ்சனபுரியின் பெரிய இடுகாட்டில் மட்டும் ஏறக்குறைய 7,000 கல்லறைகள் உள்ளன. பெயரும் வயதும் பொறித்த கற்கள். நம் தோட்டங்களினின்று கொண்டுபோகப்பட்ட தமிழர் பல பதினாயிரவர். குடும்பத்தோடு போன பெண்டிரும் பிள்ளைகளும் அவருள் உளர். மாண்டவர் தொகைக்கு மதிப்பீடு உண்டேயன்றிப் பெயர்ப்பட்டியல் இல்லை.

இத்துயரை வைத்து ஆர். சண்முகம் ‘சயாம் மரண ரயில்’ என்னும் நாவலை 1993-இல் வெளியிட்டார். பாதை முடிந்து 50 ஆண்டு கழித்து! அந்நூலையும் பின்வந்தவற்றையும் நான் மதிக்கிறேன். ஆயினும் போனவர் கதையே பெரிதும் நமக்குக் கிடைத்திருக்கிறது. தந்தையைக் கங்காணி பெயர் கூப்பிட்டுக் கொண்டுபோன பின் லயத்தில் எஞ்சிய பிள்ளையின் கதையை, ஆவூர்க் கோட்டைக்குள் அலறிய குழவியைக் கேட்டதுபோல் கேட்டெழுதியவரை இன்னும் தேட வேண்டியிருக்கிறது. மரவள்ளிக் கிழங்கை எத்தனை வீடு பங்கிட்டது, தாயும் படுத்துவிட்ட பின் சோறூட்டியவர் யார், எந்த வயதில் பால்வாளி தூக்கினர் என்பவற்றைச் சொல்லக்கூடியவர் எண்பது வயதைக் கடந்து இன்றும் நம் தோட்டங்களிலும் பட்டணத்து அடுக்குவீடுகளிலும் இருக்கின்றனர். அடுத்த திருநாளுக்கு 279-ஆம் பாட்டை மனப்பாடம் செய்விக்கும் ஆசிரியர், 44-ஆம் பாட்டைக் கற்பித்து, மாணவனை அம்முதியோரிடம் ஒரு நாள் அனுப்பட்டும்.